எல்லாப் படமும் சாஃப்ட்டாக வருகிறது, லென்ஸை மாற்றலாமா?

மார்ச் 2, இரவு 10.15 (கேள்வி)

அண்ணா, என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சின்ன சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். எடுக்கும்போது கேமராவின் பின்திரையில் அருமையாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால் எல்லாமே மங்கல். கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரியவில்லை, சட்டை நூல் தெரியவில்லை. கிட் லென்ஸ் என்றாலே அப்படித்தான், 50 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கு, சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா? பெரும்பாலும் வீட்டுக்குள் ஆட்களைத்தான் எடுக்கிறேன்.

மார்ச் 3, காலை 6.40

இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி.

கிட் லென்ஸைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அபெர்ச்சரை (லென்ஸின் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 8-இல் வைத்து, டிரைபாடில் நிறுத்தி, அசையாத பொருள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதியில் அது தரும் விவரத்துக்கும் பிரைம் தரும் விவரத்துக்கும் ஏ4 பிரிண்டில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓரங்களில் தெரியும், அது வேறு கதை.

முதலில் ஒன்று சொல்லுங்கள். மங்கல் என்று நினைக்கும் படத்தில் எங்காவது ஏதாவது ஒன்று ஷார்ப்பாக இருக்கிறதா? மூக்கு நுனி, காது, பின்னால் தொங்கும் திரைச்சீலை, சுவர்க் கடிகாரத்தின் எண்கள், எதுவானாலும் சரி.

மார்ச் 3, காலை 9.05

ஏன் கேட்டேன் என்றால், படம் மங்குவதற்குக் காரணம் ஒன்று மட்டுமில்லை, ஒவ்வொரு காரணமும் படத்தில் வேறு மாதிரித் தடம் விட்டுப்போகும்.

கண் மங்கல், காது பளிச் என்றால் ஃபோகஸ் தள்ளி விழுந்திருக்கிறது. பின்னால் இருக்கும் அலமாரி பளிச், ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது ஆள். அலமாரியும் ஆளும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. எந்தத் திசையும் இல்லாமல், முன்னால் பின்னால் எல்லாம் ஒரே சீராக மங்கியிருந்தால் மட்டும் லென்ஸ் அழுக்கு, ஃபில்டர், ரொம்பச் சின்ன அபெர்ச்சர், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிக் கரடுமுரடு) ரிடக்‌ஷன் என்று மற்ற சந்தேகங்களுக்குப் போகலாம்.

இதைப் பார்க்க நல்ல இடம், படத்தில் எங்காவது மின்னும் சின்னப் புள்ளி. தோட்டுக் கல், மூக்குக் கண்ணாடியின் ஓரம், கண்மணியில் விழுந்த ஜன்னல் வெளிச்சம், தூரத்து பல்பு. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அந்தப் புள்ளியை மட்டும் பாருங்கள். வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் கோளாறு. நேர்கோடாக நீண்டிருந்தால் ஷட்டர் பட்டனை அழுத்தும்போது கேமரா ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வளைந்து நெளிந்திருந்தால் ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருக்கிறது, கை நடுக்கம் முழுக்கப் பதிவாகிவிட்டது. ஒரே புள்ளி இரண்டாகத் தெரிந்தால் அது சுவாரஸ்யமான கேஸ், அதற்குப் பிறகு வருகிறேன்.

மார்ச் 3, இரவு 8.30

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 55 மி.மீ., ஷட்டர் 1/40 விநாடி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை என்றாலும் தோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கி ஒரு சின்னக் கோடு. பின்னால் இருக்கும் காலண்டர் எழுத்துக்களிலும் அதே சாய்வில் அதே நீளத்தில் கோடு. வலது கை ஆள்காட்டி விரல் பட்டனைக் குத்தியிருக்கிறது. பட்டனைக் குத்தக் கூடாது, அது தானாக இறங்கும்வரை மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும்.

ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை மி.மீ.யோ, ஷட்டர் ஸ்பீடு குறைந்தது ஒன்றின் கீழ் அத்தனை. அது 35 மி.மீ. ஃபிலிமுக்கு. கிராப் சென்சார் என்றால் 1.5-ஆல் பெருக்குங்கள், 55 என்பது 82 ஆகிவிடும், அதாவது 1/80. நீங்கள் வைத்தது அதில் பாதி. அந்த விதியும் சுமாரான அளவு பிரிண்ட் போட்டுப் பார்த்த காலத்தில் உருவானது. 24 மெகாபிக்சலைப் பிக்சல் பிக்சலாகப் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் இன்னும் ஒரு மடங்கு கூட்டி 1/160 வையுங்கள்.

வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஐஎஸ்ஓவைத் தூக்குங்கள். 1600-இல் 1/80 கிடைக்கும், 3200-இல் 1/160. நாய்ஸ் வரும், வரட்டும். நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட படத்தை மீட்பது அதைவிடப் பல மடங்கு கடினம்.

மார்ச் 4, காலை 7.20

வந்துவிட்டார் ஒருவர். "லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, 1/5-இல் கூட எடுக்கலாமே" என்கிறார்.

எடுக்கலாம். சுவரை எடுக்கலாம், பூட்டிய கதவை எடுக்கலாம். ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும். எதிரில் இருப்பவர் பேசுவதையும் சிரிப்பதையும் மூச்சு விடுவதையும் அது என்ன செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 செ.மீ. உயரமுள்ள ஒரு முகம் படத்தில் 2000 பிக்சல் உயரத்துக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். பேசும்போது தலை லேசாக அசைகிறது, விநாடிக்கு 2 செ.மீ., பார்க்கிற கண்ணுக்கு அசைவதாகவே தோன்றாது. 1/40 விநாடியில் அது அரை மில்லிமீட்டர் நகரும். படத்தில் 4 பிக்சல். கண்ணிமை முடியின் கதை முடிந்தது. 1/160-இல் அதே அசைவு 1 பிக்சல்.

பேசிக்கொண்டே கையை ஆட்டுகிற ஆளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகும் கை, 1/40-இல் 100 பிக்சல் இழுபடும்.

மார்ச் 4, காலை 7.35

அதனால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/160, நடப்பவர்களுக்கு 1/250, ஓடுகிற குழந்தைக்கு 1/500 என்று நான் வைத்துக்கொள்வேன். அக்கா மகளுக்கு மட்டும் 1/1000. அவளுக்கும் ஸ்டெபிலைசருக்கும் ஒத்துவராது.

மார்ச் 6, இரவு 9.10

இடையில் இன்னொருவர் தன் வழக்கைக் கொண்டுவந்திருக்கிறார். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமரா, 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 1/500, தாராளமான வெளிச்சம். எல்லாம் சரியாக இருந்தும் கண் மங்கல், காது ஷார்ப். "நல்ல லென்ஸ் வாங்கியும் இப்படியா" என்கிறார்.

நல்ல லென்ஸ் வாங்கியதால்தான் இப்படி. ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸை எஃப் 1.8-இல் திறந்துவைத்தால் ஷார்ப்பாக நிற்கும் ஆழம் மொத்தம் சுமார் 3 செ.மீ.தான். முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. கிட் லென்ஸில் மன்னிக்கப்பட்ட தவறுகள் இதில் மன்னிக்கப்படுவதில்லை.

அவர் செய்வது என்ன என்று கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. நடு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு கேமராவைச் சாய்த்து ஃப்ரேமைச் சரிசெய்கிறார். நம்மில் பாதிப் பேர் கற்றுக்கொண்ட முறை அதுதான். ஆனால் ஃபோகஸ் என்பது ஒரு தளம், கேமரா திரும்பினால் தளமும் கூடத் திரும்பும். ஒன்றரை மீட்டரில் 10 டிகிரி திருப்பினால் அந்தத் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய 2.3 செ.மீ. போய்விடும். இருக்கும் இடமோ ஒன்றரை செ.மீ. ஆக, கண் மங்கல், அதற்குப் பின்னால் இருப்பது ஷார்ப்.

எஃப் 5.6-இல் இதே முறை ஒன்றும் கெடுக்காது. எஃப் 1.8-இல் ஃபோகஸ் புள்ளியையே நகர்த்திக் கண்ணின் மேல் வையுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதியைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

மார்ச் 6, இரவு 9.50

ஃபோகஸ் பற்றி இன்னும் இரண்டு. ஃபோகஸ் ஏரியாவை முழு ஆட்டோவில் விட்டால் கேமரா பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கும். நீட்டிய கை, பூங்கொத்து, மைக். அதற்கு முகம் எது, மைக் எது என்று எல்லாச் சமயமும் தெரியாது.

இன்னொன்று, தொடர் ஃபோகஸில் (அசையும் ஆளை விடாமல் பின்தொடரும் முறை) நிறைய கேமராக்கள் ஃபோகஸ் கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமலே படம் எடுத்துவிடும். அழுத்தினால் எடுக்க வேண்டும் என்பது அதற்கு முதல் கட்டளை. மெனுவில் ஃபோகஸுக்கு முன்னுரிமை என்று மாற்றிக்கொள்ளலாம். லென்ஸின் குறைந்தபட்ச தூரத்துக்குள் போய் நின்றுகொண்டு அழுத்தினாலும் இதே கதை. படம் விழும், ஆனால் எதுவும் ஷார்ப்பாக இருக்காது.

மார்ச் 7, காலை 6.30

பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு.

அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதிவாகும் சென்சார் வேறு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று வெளிச்சத்தைக் கீழே அனுப்ப, அங்கே அளவெடுத்து "சரி" என்று சொல்லும். இரண்டு சென்சாருக்கும் தூரம் இம்மி பிசகினாலும் ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கம் ஒரே அளவு ஃபோகஸ் தள்ளி விழும். எப்போதும் முன்னால், அல்லது எப்போதும் பின்னால்.

கண்டுபிடிப்பது சுலபம். டிரைபாடில் நிறுத்தி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஸ்கேல் ஒன்றைச் சாய்வாகப் படுக்கவைத்து நடு எண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஒரு படம். லைவ் வியூ படத்தில் நடு எண் பளிச், வியூஃபைண்டர் படத்தில் அடுத்த எண் பளிச் என்றால் அதுதான் நோய். நடுத்தர மாடல்களில் இருந்து மேலே பலவற்றில் இதைத் திருத்த மெனு உண்டு. கேனானில் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட், நிக்கானில் ஃபைன் ட்யூன், இரண்டிலும் கூட்டல் 20-இல் இருந்து கழித்தல் 20 வரை. ஒரு படத்தை நம்பி எண்ணை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுத்த பல படங்களும் ஒரே பக்கம் தள்ளினால் மட்டும் மாற்றுங்கள்.

மிரர்லெஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட ஒழிந்தது.

மார்ச் 9, மாலை 5.45

முதல் நாள் எஃப் 8 என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "எஃப் 8 நல்லது என்றால் எஃப் 22 இன்னும் நல்லதுதானே" என்று எல்லாவற்றையும் எஃப் 22-இல் எடுத்திருக்கிறார். முன்னால் இருக்கும் கல்லில் இருந்து தூரத்து மலை வரை எல்லாம் ஃபோகஸில் இருக்கிறது, ஆனால் எல்லாமே லேசாக மங்கல். குழம்பிப்போயிருக்கிறார், பாவம்.

வெளிச்சம் சின்ன ஓட்டை வழியாக நுழையும்போது விரியும். எவ்வளவு துல்லியமான லென்ஸாக இருந்தாலும் ஒரு புள்ளி புள்ளியாக விழாது, சின்ன வட்டமாகத்தான் விழும். பச்சை வெளிச்சத்துக்கு எஃப் 8-இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 11 மைக்ரான். எஃப் 16-இல் 21, எஃப் 22-இல் 30-ஐ நெருங்கிவிடும். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.9 மைக்ரான். எஃப் 22-இல் ஒரு புள்ளி ஏழெட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. எந்தக் கம்பெனி லென்ஸும் இந்தக் கணக்கில் இருந்து தப்ப முடியாது, இது ஒளியின் குணம்.

எஃப் 11 தாண்டக் கூடாது என்று சட்டம் போடவில்லை. பூச்சியை நெருங்கி எடுக்கும்போது ஆழம் கிடைக்க எஃப் 16 போவேன். அங்கே ஆழம் இல்லாமல் போவதைவிடக் கொஞ்சம் மங்குவது மேல். காரணம் இருந்தால் போங்கள்.

மார்ச் 10, காலை 7.00

"இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் இப்படி மங்கல் படம் வந்ததில்லையா" என்று ஒரு கேள்வி.

1990-இல் விண்வெளிக்கு அனுப்பினார்களே ஹப்புள் தொலைநோக்கி, அதற்கே வந்தது. 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி, அதைத் தேய்த்தது மிகத் துல்லியமாக, ஆனால் தவறான வடிவத்துக்கு. ஓரத்தில் தேவைக்குமேல் தட்டை, வெறும் 2 மைக்ரான் சொச்சம். தேய்ப்பதைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறி இருந்ததுதான் காரணம். மேலே போய் அனுப்பிய நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம். கண்ணாடியை மாற்ற வழியில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், அந்தப் பிழைக்கு நேர் எதிரான பிழையோடு செய்த ஒளியியல் பாகங்களைப் பொருத்திவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு வந்த படங்களைத்தான் நாம் வால்பேப்பராக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கேயும் நட்சத்திரப் புள்ளியின் வடிவத்தை வைத்துத்தான் என்ன கோளாறு என்று பிடித்தார்கள். உங்கள் தோட்டுக் கல் வேலையும் அதேதான்.

மார்ச் 10, காலை 7.10

சாஃப்ட்டாக எடுத்தே பெயர் வாங்கியவரும் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் 1863-இல், 48 வயதில், மகள் பரிசளித்த கேமராவைக் கையில் எடுத்தவர். அந்தக் காலத்து வேதிப் பூச்சுக்கு எதிரே உட்காருபவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும், யாரால் முடியும்? ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் கிண்டலடித்தார்கள். இன்றைக்கு அருங்காட்சியகங்களில் இருப்பது அவர் எடுத்த முகங்கள். நம் 1/40 படங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, வேலையைப் பார்ப்போம்.

மார்ச் 13, இரவு 10.00

"டிரைபாடில் வைத்தும் மங்கல்" என்பவர்களுக்கு.

ஸ்டெபிலைசரை அணைத்தீர்களா? பழைய லென்ஸ்கள் பலவற்றில், அசைவே இல்லாதபோதும் அது அசைவைத் தேடித் தேடித் தானே ஆட ஆரம்பிக்கும். புதிய லென்ஸ்கள் டிரைபாடை உணர்ந்துகொள்ளும் என்கிறார்கள், ஆனாலும் நான் அணைத்துவிடுவேன். அப்புறம் பட்டனில் கை வைக்காதீர்கள், 2 விநாடி டைமர் போதும். டிரைபாடின் நடுக்கம்பை முழுக்க உயர்த்தியிருந்தால் இறக்குங்கள், உயர்த்திய கம்பு காற்றுக்கு ஆடும். கேமரா வாரைச் சுருட்டி வையுங்கள், தொங்கும் வார் காற்றில் பாய்மர வேலை செய்யும்.

இப்போது அந்த இரட்டைப் புள்ளி. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி எகிறும் அதிர்ச்சியாலும், மிரர்லெஸில் மெக்கானிக்கல் ஷட்டரின் முதல் திரை அடிக்கும் அதிர்ச்சியாலும் இது வரும். பெரும்பாலும் நடுத்தர வேகங்களில்தான், முழு விநாடியிலும் 1/1000-இலும் தெரியாது. அதனால் "1/100 வைத்தும் மங்கலா, லென்ஸ்தான் மோசம்" என்று முடிவு கட்டிவிடுவோம். டிஎஸ்எல்ஆரில் மிரர் லாக்கப் (கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்துவது), மிரர்லெஸில் எலெக்ட்ரானிக் முதல் திரை (திரை அடிக்காமல் சென்சாரே பதிவைத் தொடங்குவது), இதைப் போட்டு அதே படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

மார்ச் 15, காலை 11.20

தூரத்துப் பறவை மங்கல் என்று புகார்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. 1/2000, நல்ல லென்ஸ், ஃபோகஸ் புள்ளி கழுத்திலேயே, ஆனாலும் இறகு தெரியவில்லை.

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

ஒருநாள் ஏரிக்கரையில் மீன்கொத்தி ஒன்று கம்பத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. காலையில் எடுத்த படங்களில் அலகின் நுனியில் ஒட்டியிருந்த செதில் வரை தெரிந்தது. வெயில் ஏறிய பிறகு அதே கம்பம், அதே தூரம், அதே செட்டிங். ஒரு படத்தில் அலகு நேராக இருக்கிறது, அடுத்ததில் வளைந்திருக்கிறது, அதற்கடுத்ததில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எரியும் அடுப்புக்கு மேல் காற்று அலையுமே, அதேதான். சூடான தரைக்கு மேல் காற்று அடுக்கடுக்காக வெப்பம் மாறி, ஒவ்வொரு அடுக்கும் ஒளியை ஒவ்வொரு பக்கம் வளைக்கிறது. ஷட்டர் வேகத்தால் இதை வெல்ல முடியாது. வரிசையாக நிறைய எடுத்தால் ஒன்றிரண்டு தப்பிப் பிழைக்கும். இல்லாவிட்டால் நெருங்கிப் போக வேண்டும், அல்லது மறுநாள் விடியலில் வர வேண்டும்.

கார் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுப்பவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள். இறக்கிய பிறகும் உள்ளே ஏசியும் வெளியே வெயிலும் சந்திக்கும் இடத்தில் காற்றின் இதே அலைவு உண்டு. நீண்ட லென்ஸின் முன்னால் மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். 18 மி.மீ.யில் தெரியாத குறை 400 மி.மீ.யில் நன்றாகத் தெரியும்.

மார்ச் 15, காலை 11.30

செல்போனில் மங்கல் என்றவருக்கு: துடைத்தீர்களா? சட்டைப் பையில் கிடக்கும் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு பரவல் தெரிந்தால் அதுதான்.

மார்ச் 18, இரவு 9.30

கேள்வி கேட்ட தம்பி இப்போது 1/160-இல் எடுக்கிறார், ஃபோகஸ் புள்ளியும் கண்ணில்தான் வைக்கிறார், "நன்றாக வருகிறது, ஆனால் 100 சதவீதத்தில் இன்னும் கத்தி மாதிரி இல்லை" என்கிறார்.

100 சதவீதம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்ப்போம். உங்கள் படம் 6000 பிக்சல் அகலம். சாதாரண மானிட்டரில் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்தால், நீங்கள் பார்ப்பது 62 அங்குலத்துக்கு மேல், அதாவது ஐந்தடிக்கு மேல் அகலமான ஒரு படத்தின் துண்டு. ஐந்தடிப் படத்தை ஒன்றரை அடி தூரத்தில் நின்று யாராவது பார்ப்பார்களா?

பின்திரையில் அருமையாகத் தெரிந்ததற்கும் இதுவே பதில். பத்து லட்சம் டாட் என்று விளம்பரம் செய்யும் திரையில் மூன்று டாட் சேர்ந்தால்தான் ஒரு பிக்சல், ஆக மூன்றரை லட்சம் பிக்சல் சுமார். 2 கோடியே 40 லட்சம் பிக்சலை அதற்குள் அடக்கினால் எந்தத் தவறும் ஒளிந்துகொள்ளும். எடுத்தவுடன் பின்திரையிலேயே பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சென்சாரும் கொஞ்சம் மழுப்பத்தான் செய்யும். ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஏதாவது ஒரு வடிகட்டிதான் இருக்கிறது, பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். மற்ற இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். பல சென்சார்களில் கோடு கோடான துணிகளில் பொய்யான வண்ண அலை வராமலிருக்க, வேண்டுமென்றே துளி மழுப்பும் ஒரு தகடும் உண்டு. அதனால் ரா ஃபைல் (சென்சார் தந்த பதப்படுத்தாத பதிவு) முதலில் திறக்கும்போது மந்தமாகத்தான் இருக்கும். ஜேபெக் பளிச்சென்று இருப்பது கேமரா உள்ளேயே ஷார்ப்பன் செய்து கொடுப்பதால்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மங்கல் என்பவர்களோடு வாதாட நான் தயாராக இல்லை. அது படத்தைச் சுருக்கி, அழுத்தி அனுப்புகிறது. டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

மார்ச் 21, காலை 8.15

தம்பியிடமிருந்து புதிதாக ஒன்று. குடும்பமாக எல்லோரையும் நிற்கவைத்து 18 மி.மீ.யில் எடுத்த படத்தில் இடது ஓரம் நிற்பவர்கள் மங்கல், வலது ஓரம் நிற்பவர்கள் பளிச். ஷட்டர் வேகம் போதுமானது, எல்லோரும் ஒரே வரிசையில்.

இதுவரை நான் எழுதிய எதுவும் இதற்குப் பொருந்தாது. இரண்டு ஓரமும் மங்கினால் இயல்பு என்று விடலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையம் தப்பியிருக்கலாம். அல்லது நீங்கள் வரிசைக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நின்றிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: மொட்டை மாடிக்குப் போங்கள், தூரத்துக் கட்டடங்களை 18 மி.மீ.யில் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். அப்படியே கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று. இரண்டாவது படத்தைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தாமல் பாருங்கள். இரண்டிலும் இடது ஓரமே மங்கினால் லென்ஸ். மங்கல் பக்கம் மாறினால் குற்றம் நின்ற கோணத்தில்.

மார்ச் 22, மாலை 6.00

இரண்டிலும் இடதுதான். லென்ஸேதான்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடமும் கொஞ்சம் கோணல்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் 35-இலும் 55-இலும் நான்கு மூலையும் ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்கிறார். அவர் முதலில் புகார் சொன்ன முகங்கள் எல்லாம் 55-இல் எடுத்தவை. லென்ஸில் குறை உண்டு, ஆனால் அவர் தேடிவந்த குறை அதில் இல்லை.

வாரண்டி இருக்கிறது, இந்த இரண்டு படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் வாயால் "மங்கலாக இருக்கிறது" என்று சொன்னால் துடைத்துத் திருப்பித் தருவார்கள். அதுவரை குழுப் படங்களை 24 மி.மீ.க்கு மேல் வைத்து, எஃப் 8-இல் எடுங்கள்.

மார்ச் 24, இரவு 10.40

ஷார்ப்பன் ஸ்லைடரை எவ்வளவு இழுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அளவைவிட ரேடியஸ் (ஓரத்தைச் சுற்றி எத்தனை பிக்சலுக்கு ஷார்ப்பன் பரவுகிறது என்பது) முக்கியம். முகத்தில் ரேடியஸைக் கூட்டினால் இமைக்கு முன் தோல் துளைகள் எழுந்து நிற்கும். லைட்ரூம் மென்பொருளில் மாஸ்கிங் ஸ்லைடரை இழுக்கும்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் எங்கெங்கே ஷார்ப்பன் ஆகிறது என்று வெள்ளையாகக் காட்டும். கன்னம் கறுப்பாகி, இமையும் உதட்டு ஓரமும் மட்டும் வெள்ளையாக நிற்கும்வரை இழுங்கள். அளவு மாற்றுவதாக இருந்தால் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு கடைசி ஷார்ப்பன். கூரை ஓரத்தில் வானத்தின் பக்கம் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது.

மார்ச் 25, காலை 6.55

ஏஐ ஷார்ப்பன் பற்றி. லேசான ஃபோகஸ் தவறை நன்றாகவே மறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மீட்பதில்லை, ஊகித்து வரைகிறது. மங்கலான கடைப் பெயர்ப் பலகை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எழுத்துக்கள் கத்தி மாதிரி வந்தன, ஆனால் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக்கள். இமை முடியைத் தாராளமாக நட்டுக் கொடுக்கும், அது அந்த ஆளின் இமை அல்ல. ஆல்பத்துக்குப் பரவாயில்லை. வண்டி எண், ரசீது, அடையாளம் காண வேண்டிய முகம் என்றால் மங்கலான அசல் ஃபைலையே வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள்.